காற்று இறங்கும் நேரம்

காற்று அடிக்கும்போது அவர் பயந்து நான் பார்த்ததில்லை. அடிக்காதபோதுதான் பயப்படுவார்.

திரேஸ்புரம் கரையில் விடியப்போகிற நேரம். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். வள்ளங்களில் கட்டிய துணிக்கொடிகள் கழுத்தொடிந்து தொங்கும். எங்களுக்கெல்லாம் அது நல்ல சகுனம். வெற்றிலையை மென்றுகொண்டு, ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டு, சந்தோஷமாக வள்ளத்தைத் தள்ளுவோம். அவர் மட்டும் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நிற்பார். துடைக்கத் துடைக்க வேர்க்கும். மேற்கே பார்ப்பார். மேற்கே என்ன இருக்கிறது? ஊர் இருக்கிறது, உப்பளம் இருக்கிறது, அப்பால் பனங்காடு, அதற்கும் அப்பால் வெறும் இருட்டு. கடலுக்குப் போகிறவன் கடலைப் பார்ப்பான். அந்தக் கரையில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரே ஆள் அவர்தான்.

என் மனைவிக்கு அண்ணன். எனக்கு மச்சான். பெயர் சொல்லவில்லை. வெட்டவெளியில் தன் பெயரை உரக்கக் கூப்பிட்டாலே அவருக்குப் பிடிக்காது. எழுதினால் பிடிக்குமா?

செங்கோட்டைப் பக்கம், கணவாய்க்கு நேர்கீழே அவர்கள் ஊர். என் மனைவி இங்கே மீன் கம்பெனியில் இறால் உரிக்க வந்தவள். தாய் தகப்பன் கிடையாது. நாங்கள் கல்யாணம் முடித்தபோது சீதனமாக வந்தது இரண்டு பித்தளைக் குடமும் இந்த அண்ணனும்தான். ஆறடி உயரம். நடக்கும்போது எதிர்க்காற்றில் நடப்பதுபோலச் சற்று முன்னால் சாய்ந்தே நடப்பார். ஆடு மேய்த்தவர். நீச்சல் தெரியாது. முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்கியதும் இல்லை.

அப்படிப்பட்டவர் கையில்தான் என் உயிரைக் கொடுத்தேன்.

நாங்கள் சங்கு குளிக்கிறவர்கள். எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. முத்துக் குளித்த காலத்திலிருந்து வருகிறது என்பார்கள். அடியில் இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். மறுமுனையை மேலே வள்ளத்தில் பிடிக்கிறவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தானாக இருக்கவேண்டும். அண்ணன் தம்பி வேண்டாம், பெற்ற தகப்பனும் வேண்டாம், மச்சான்தான். கயிற்றை விட்டால் அறுவது அவன் தங்கச்சி தாலி. எந்த அண்ணனும் விடமாட்டான். நீந்தத் தெரியுமா, கடல் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

சம்மாட்டி மட்டும் கேட்டார். வள்ளம் அவருடையது. என்ஜினும், எனக்குக் குழாய் வழியே மூச்சு அனுப்புகிற கம்ப்ரெஸரும் அவர் பொறுப்பு.

"ஏலே, ஒன் மச்சான் வாளித் தண்ணியப் பாத்தாலே தும்முதாரு. அவரு கையிலயா கயித்தக் குடுக்கப் போற?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா சம்மாட்டி."

"இருக்கு இருக்கு. வழக்கம் ஒன்ன வந்து தூக்கும்."

கயிற்றில் பேசுகிற பேச்சு மூன்றே மூன்று. ஒரு இழுப்பு என்றால் தளர்த்து. இரண்டு என்றால் பை நிறைந்தது. மூன்று என்றால் மேலே வா, வராவிட்டால் தூக்குவேன்; கீழிருந்து நான் மூன்று இழுத்தால், என்னைத் தூக்கு. அவர் இந்த மூன்றையும் வேதப்பாடம் மாதிரிப் படித்தார். வீட்டில் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பழகினார். ஈரத்துணியெல்லாம் குதிக்கும். "அண்ணே, துணி காயணும்" என்பாள் என் மனைவி.

வள்ளத்தில் ஏறியதும் பின்பக்கம் ஊதுபத்தி கொளுத்திவைப்பார். முதல் நாள் சம்மாட்டி சிலுவை போட்டுக்கொண்டார். பிறகுதான் தெரிந்தது, அது மாதாவுக்கு இல்லை, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பதற்கு. கரையை விடும் முன்னால் போனை எடுப்பார். தன் ஊர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கிற ஒருவரைக் கூப்பிடுவார்.

"அண்ணாச்சி, நாந்தான். அடுப்புப் பத்த வச்சாச்சா? … மரம் ஆடுதா? … மலையில மூட்டம் எப்படி நிக்கி? தொப்பி போட்ட மாதிரியா, இல்ல இந்தப் பக்கம் வழியுதா? … வழியுதா. சரி. வச்சிருதேன்."

சம்மாட்டிக்கு அது தினசரிக் கூத்து. "என்ன மலையாரே, காத்து வண்டி ஏறிட்டா?"

"ஏறிட்டு சம்மாட்டி. ஒம்பதரைக்கு இங்க எறங்கும்."

"வழியில பாவூர்சத்திரத்துல டீ குடிக்க நிக்காதா?"

வள்ளமே குலுங்கச் சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார். ஒன்பதரைக்குக் காற்று வரும்.

மேல்காற்று மாதங்கள் அப்படி. கச்சான் என்போம். ஆனியில் தொடங்கினால் ஆவணி தாண்டியும் விடாது. உப்பளத்து மண்ணையும் உப்பையும் வாரிக்கொண்டு, ஊரின் முதுகில் அறைந்து, கடலுக்குள் ஓடும். ஒரு மத்தியானம் வீட்டுத் தகரம் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சோற்றில் மண். எரிச்சலில் கேட்டேன்: "எங்கேருந்துதான் வருது மச்சான் இந்தச் சனியன்?"

அவர் தட்டைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார்.

"மலை சொவரு மாப்ளே. காத்து அந்தப் பக்கம் மலையாளத்துல வந்து முட்டும். கொஞ்சம் ஏறும். ஏறுனது அங்கனயே மழையாக் கொட்டிட்டு எளச்சுப் போயிரும். ஏற முடியாதது சொவரத் தடவிக்கிட்டே வரும், எங்கனயாச்சும் சந்து இருக்கான்னு. சந்து எங்க ஊர்ல இருக்கு. திருவிழா அன்னிக்குக் கோயில் கூட்டம் பூரா ஒரே வாசல்ல வெளிய வந்தா எப்படி இருக்கும்? உள்ள நிக்கும்போது எல்லாரும் நல்ல ஆளுதான். பின்னால உள்ளவன் தள்ளுதான். வாசப்படி தாண்டுனதும் கெழவன்கூட ஓடுதான்."

"ஓடி எங்க போய் நிக்கும்?"

"நிக்க இங்க என்ன இருக்கு? பனையா புடிச்சு நிறுத்தும்? நேரே நம்ம கடலு."

"அப்போ விடியக்காலம் ஏன் அடிக்க மாட்டக்கு?" என்று என் மனைவி கேட்டாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். காற்றுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.

"அடிக்கத்தான் செய்யுது. ராத்திரி தரை குளுந்து போகும்லா. தரையோரத்துக் காத்தும் குளுந்து, கனத்து, கீழ படுத்துக்கிடும். மேல ஓடுறது அதுக்குள்ள எறங்க முடியாம, அது முதுகு மேல வழுக்கிட்டு ஓடுது. வெயில் ஏறி தரை சுட்டதும் படுத்துக் கெடந்தது எந்திரிக்கும். அது எந்திரிச்ச எடத்துல இது எறங்கும்."

"அப்படின்னா தலைக்கு மேலயே ஓடிட்டுத்தான் இருக்கா?"

"கையைத் தூக்குனா எட்டாது. அவ்வளவுதான் தூரம்."

அன்றோடு என் விடியற்காலைகள் கெட்டன. ஊதுபத்திப் புகை நூல் பிடித்தாற்போல் நேரே ஏறும். அதே நேரம் தெற்கே அனல் மின் நிலையத்துப் புகைபோக்கியின் உச்சியில், புகை கிழக்கே படுத்துக் கிடக்கும், யாரோ முடியைப் பிடித்து இழுப்பதுபோல. இந்தப் புகைக்கும் அந்தப் புகைக்கும் நடுவே ஒரு மூடி. நாங்கள் மூடிக்குக் கீழே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறோம். பார்த்த பிறகு பார்க்காததுபோல் இருக்க முடியவில்லை. நானும் கழுத்தைத் தொட்டுப்பார்த்தேன். ஈரமாக இருந்தது.

அவர் பயம் எங்கே பிறந்தது என்று அவரே ஒருமுறை காட்டினார். வலது கெண்டைக்காலில் முட்டிவரை தோல் சுருங்கி, பனங்கிழங்கின் உரி மாதிரி இருக்கும். வாலிபத்தில் மலைச்சரிவில் காய்ந்த புல்லுக்கு நெருப்பு வைத்திருக்கிறார்கள், புதுப்புல் முளைக்கட்டும் என்று. பகலில் வெயில் பட்ட சரிவில் காற்று மேலேதான் ஏறும். நெருப்பும் அதோடு ஏறும். வைத்தவர்கள் கீழே நின்று வேடிக்கை பார்க்கலாம். காலங்காலமாகச் செய்கிற வேலை. அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாக வைத்துவிட்டார்கள்.

"பொழுது சாஞ்சுது மாப்ளே. ஒரு நிமிஷம் ஒண்ணுமே அசையல. புல்லு, எல, நெருப்பு, எல்லாம் அப்படியே நின்னுட்டு. அழகா இருந்துச்சு. ராசு அண்ணன் பீடி எடுத்தாரு. அந்தப் பீடியப் பத்த வைக்குறதுக்குள்ள காத்து திரும்பிட்டு. மேல குளுந்த காத்து தண்ணி மாதிரி பள்ளத்தப் பாத்து எறங்குச்சு, நெருப்பையும் கூட்டிக்கிட்டு. மூணு பேரு நின்னோம். ரெண்டு பேருதான் ஓடுனோம்."

அசையாத அந்த ஒரு நிமிஷத்துக்குள்ளேயே அவர் குடியிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. உலகம் எங்கே அமைதியாக இருந்தாலும் அவருக்கு அது அந்த நிமிஷம்தான்.

இந்தப் பயத்தோடுதான் என் கயிற்றைப் பிடித்தார். ஊதுபத்தி லேசாகத் தலையாட்டினால் போதும், மூன்று இழுப்பு. நான் ஏழு பாகம், நாற்பதடிக்கு மேல் ஆழத்தில், மணலில் சங்கு நகர்ந்த தடத்தைக் கண்டுபிடித்து, தவழ்ந்து, அதன் வாசலுக்கே போயிருப்பேன். வெடுக், வெடுக், வெடுக். மேலே வந்து பார்த்தால் கடல் தூங்கிக்கொண்டிருக்கும். "எங்க மச்சான் காத்து?" என்றால், "வரும்" என்பார். வரவும் செய்யும், நாங்கள் கரையேறி வலைக்காரர்களோடு நின்று பேசிக்கொண்டிருக்கும்போது. பை பாதிகூட நிறைந்திருக்காது. கரையில் கேலி. "என்ன மாப்ள, மலையார் விசிலடிச்சுட்டாரா?" சம்மாட்டி ஒருநாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "ஆள மாத்து. இல்லன்னா வள்ளத்த மாத்து."

ஆளை மாற்ற முடியாது. எனக்கு இருக்கிற மச்சான் ஒருவர்தான். அதனால் நான் வேறொன்று செய்தேன்.

அன்று மேகமூட்டம். வெயிலே ஏறவில்லை. ஒன்பதரை வந்தது, போனது. ஊதுபத்தி அசையவில்லை. சம்மாட்டி வானத்தைப் பார்த்து, "பஸ்ஸு பங்ச்சர்" என்றார். நான் அடியில் அப்படி ஒரு மணல்திட்டைப் பார்த்திருந்தேன். சங்குகள் திருவிழாவுக்கு வந்ததுபோல் கூடிக் கிடந்தன. வருஷத்தில் ஒருமுறை பார்ப்பதே அபூர்வம். இரண்டாவது பையோடு மேலே வந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் மாப்ளே. கெஞ்சிக் கேக்கேன். கரைக்குப் போயிருவோம்."

"காத்தே இல்லையே மச்சான்."

"அங்க பாருங்க." புகைபோக்கியைக் காட்டினார். புகை கிழக்கே பாய் விரித்ததுபோல் நீண்டிருந்தது. "அது நிக்கல. தரை சுடாததுனால எறங்க நேரமாகுது. நேரங்கழிச்சு வந்தா மெதுவா வராது."

"இன்னும் ஒரே பை" என்று குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பாதிப் பை நிறைந்திருக்கும். மூன்று இழுப்பு வந்தது. கொஞ்சம் விட்டு மறுபடியும் மூன்று. நான் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்தேன். பையின் கழுத்தில் கட்டினேன். பதிலுக்கு மூன்று இழுத்தும் விட்டேன். தூக்கிக்கொள்ளட்டும் மனுஷன். பை ஆடி ஆடி மேலே போவதைப் பார்த்து, குழாயைக் கடித்த வாயோடு சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போதும் பல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கழுவினால் போகவில்லை.

கீழிருந்து பார்த்தால் கடலின் மேற்பரப்பு கண்ணாடிக் கூரைபோல் இருக்கும். அன்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சாம்பல் நிறமாகச் சொரசொரத்தது. யாரோ மேலே நின்று உப்புத்தாளால் தேய்ப்பதுபோல. பிறகு குழாய் விறைத்தது. நங்கூரம் பெயர்ந்துவிட்டது. வள்ளம் கிழக்கே ஓடுகிறது, என்னையும் இழுத்துக்கொண்டு. மணலில் குப்புற விழுந்து இழுபட்டேன். பல்லிலிருந்து குழாய் பிடுங்கிக்கொண்டு போனது. கையில் ஒரு சுற்று சுற்றியிருந்ததால் குழாய் மட்டும் என்னை விடவில்லை. எடைக்குக் கட்டியிருந்த ஈயத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, இருந்த மூச்சை ஊதி ஊதி, ஏறினேன்.

மேலே வந்ததும் முதலில் தெரிந்தது ஊர்தான். கோயில் கோபுரம், துறைமுகத்துக் கிரேன்கள், புகைபோக்கி, எல்லாம் கழுவிவைத்ததுபோல் பளிச்சென்று தெரிந்தன. கரையோரம் அலையே இல்லை. கரையிலிருந்து அடிக்கிற காற்றுக்கு அங்கே அலை எழுப்ப இடம் கிடையாது. கரையில் நின்று பார்க்கிறவன் கடல் அமைதி என்றுதான் சொல்வான். தள்ளித் தள்ளி வெளியே போகப் போகத்தான் அலை வளரும். நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். காற்று தண்ணீரின் தோலை உரித்து என் வாய்க்குள் திணித்தது. வீடு கண்ணெதிரே இருக்க, வீட்டிலிருந்து வீசும் காற்றே வெளியே தள்ளுவதைப்போல ஒரு பயம் வேறில்லை.

சம்மாட்டி குழாயை இழுத்து இழுத்து என்னை வள்ளத்தில் போட்டார். வள்ளத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

"மச்சான் எங்க?"

சம்மாட்டியின் வாய் கோணியது. அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. "ஒன்னத் தேடித்தாம்லே போயிருக்காரு. பை மட்டும் வந்துச்சு. பையப் பாத்தாரு. கயித்தப் பையிலருந்து பிரிச்சு இடுப்புல கட்டுனாரு. நான் புடிக்கிறதுக்குள்ள குதிச்சுட்டாரு."

வள்ளத்துக் குறுக்குக்கட்டையில் முடிந்திருந்த கயிறு, விளிம்பைத் தாண்டி நேரே கடலுக்குள் இறங்கியிருந்தது. விறைத்திருந்தது. அசையவில்லை.

இழுத்தோம். எத்தனை பாகம் இழுத்தோம் என்று தெரியாது. ஆழத்தில் இருந்தபோது வராத பயம் அந்தக் கயிற்றைப் பிடித்த கையில் வந்தது. மேலே இருப்பவனுக்கு என்ன தெரியும்? கயிறு கனக்கிறது என்பது தெரியும். கனக்கிற ஆளுக்கு உயிர் இருக்கிறதா என்று கயிறு சொல்லாது. ஒவ்வொரு நாளும் அவர் இதைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தலை வந்தது. கண்கள் திறந்திருந்தன. வள்ளத்தில் குப்புறப் போட்டு முதுகில் குத்தினோம். கடல் அவர் வாய் வழியாக வெளியே வந்தது. நாலாவது குத்துக்கு இருமினார். புரண்டு என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. என் இடுப்பைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கிடந்த பையைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

என்ஜினை முழு மூச்சில் விட்டும் கரை சேர மத்தியானம் சாய்ந்துவிட்டது. மச்சான் உதட்டில் உப்புப் பூத்திருந்தது. துடைக்கவில்லை.

வீட்டில், "கால் வழுக்கிட்டு ஏளா" என்று தங்கச்சியிடம் சொன்னார். அவள் துவட்டத் துண்டு கொடுக்கப்போனவள் அப்படியே நின்றாள். அவர் இடுப்பைச் சுற்றி, பிரம்பால் அடித்ததுபோல் கன்றிச் சிவந்த தடம். அவள் திரும்பி என் இடுப்பைப் பார்த்தாள். தினமும் அந்தத் தடத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவள் அவள்தான். அன்று என் இடுப்பில் புதுத் தடம் இல்லை. கயிறு யாரிடம் இருந்தது, யார் அவிழ்த்தது என்று யாரும் அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. அண்ணனுக்குச் சோறு போட்டாள். எனக்குப் பானையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இனி அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடலுக்குப் போவதில்லை. திங்கள் விடியுமுன் கரையில் எனக்கு முன்னால் நின்றிருந்தார். மேற்கே பார்த்துக்கொண்டு. போனை வைத்துவிட்டு, "வழியுது" என்று மட்டும் சொன்னார். சம்மாட்டி கேலி பேசவில்லை.

அதே சங்குத் திட்டுக்கு மேலே நங்கூரம் போட்டதும் நான் கயிற்றை எடுத்தேன். கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இனி நான் கட்டுதேன்."

முதுகுப்பக்கம் முடிச்சுப் போட்டார். ஆட்டைத் தறியில் கட்டுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும், என் கை எட்டாது. பிறகு கயிற்றின் மறுமுனையைக் குறுக்குக்கட்டையிலிருந்து அவிழ்த்து, கன்றிப்போன தன் இடுப்பில், அதே தடத்தின் மேல், சுற்றி இறுக்கிக் கட்டினார்.

"மச்சான், என்ன செய்தீக? ஒங்களுக்கு நீந்தத் தெரியாது."

"தெரியாதுல்லா?" அந்த ஒரு தடவைதான் அவர் சிரித்துப் பார்த்தேன். "அத மட்டும் ஞாபகத்துல வச்சுக்கிட்டு எறங்குங்க மாப்ளே."

இறங்கினேன். கடலின் அடியில் நான் பயந்தது அதுதான் முதல் தடவை. மேலே வெளிச்சம் தெளிவாக இருந்தது. நங்கூரம் மணலைக் கவ்விக் கிடந்தது. காற்று இறங்க இன்னும் வெகுநேரம் இருந்தது. அந்தத் திட்டில் சங்குகள் அப்படியே கூடிக் கிடந்தன. ஒன்றின் மேல் கைகூட வைத்தேன். என் முதுகில் முடிச்சு லேசாக அசைந்தது. மேலே அவர் உட்கார்ந்த இடத்தில் சற்று நகர்ந்து உட்கார்ந்திருப்பார். சங்கை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். மூன்று முறை இழுத்தேன்.